அம்மன் சாய்ந்த பக்கம்

என் சித்தப்பா பொய்யர். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, இத்தனை வருடமாக ஒன்றும் நடக்காதது போல வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார்.

மாசி மகத்துக்கு எங்கள் ஊர் அம்மன் கடலாடப் போவது சித்தப்பாவின் டிராக்டர் டிரெய்லரில்தான். கோரிமேடு வழியாக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு. அந்த டிரெய்லரின் டயர்களை அவர் பார்த்துக்கொண்டது போல யாரும் பெற்ற பிள்ளையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கரும்பு வெட்டு முடிந்ததும் மற்றவர்கள் டிரெய்லரை வெயிலில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் நிறுத்தி, டயரைச் சாக்குப் போட்டு மூடுவார். ஓடித் தேய்கிற டயரைவிட நின்று காய்ந்து வெடிக்கிற டயர்தான் அதிகம் என்பார். புது டயர் வாங்கப் போனால், தரையைக் கவ்வுகிற பட்டன் எவ்வளவு ஆழம் பாருங்கள் என்று கடைக்காரர் காட்டுவார். இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஓரத்தில் அச்சடித்திருக்கும் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் கண்ணாடி போட்டுப் படிப்பார். பழைய சரக்கு என்றால் கடையிலேயே சண்டை. கார் டயரை மலிவாக வாங்கி மாட்டிப் பாரம் ஏற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

குனிந்து டயரில் விரிசல் தேடிக்கொண்டிருப்பவரைப் பார்த்து சித்தி கத்துவாள்.

“என் கால் வெடிப்ப ஒரு நாளாவது இப்பிடிக் குனிஞ்சு பாத்திருக்கியாய்யா?”

“உன் கால் மேல நான் அம்மன ஏத்தப் போறதில்லடி.”

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அம்மா கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வயிற்றில் கட்டி. மாசி மகத்துக்கு மறுநாள் ஆபரேஷன். வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்பதால் நான் அவளைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. ஆனால் என் கவலையெல்லாம் இந்த வருடம் அம்மா சாமி பார்க்க முடியாதே என்பதுதான். புறப்பாட்டுக்கு முதல் நாள் அப்பா நாட்டாமையிடம் கேட்டார்.

“ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்துனா போதும் மாமா. அவ கேட்டாண்டயே நின்னு பாத்துக்குவா.”

“பொறப்பட்ட அம்மன் கடலத் தொடாம நிக்கக்கூடாது. அதுவும் பொணம் போற வாசல்லயா? போடா, வேலையப் பாரு.”

சித்தப்பா பக்கத்திலேயே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்காக வாயே திறக்கவில்லை. எனக்கு அவர்மேல் கெட்ட கோபம்.

மறுநாள் புதுப் பாவாடையும் குங்குமத் தட்டுமாக என்னை டிரெய்லரில் ஏற்றினார். என் கூட்டாளிகள் எல்லாம் இடது பக்கம். நானும் அங்கேதான் என்று அடம்பிடித்தேன். “சொன்ன எடத்துல குந்துடி” என்று வலது ஓரத்தில் சக்கரத்துக்கு மேலே உட்கார வைத்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு நேராக வண்டி நின்றது. மாலை சக்கரத்தில் உரசுகிறது என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா இறங்கி வந்து என் காலடியில் குந்தினார். அடுத்த நொடி உஸ்ஸென்று ஒரு பெரிய சீறல். நான் “பாம்பு! பாம்பு!” என்று அலறினேன். மேளம் நின்றுவிட்டது. டிரெய்லர் மெல்ல வலப்பக்கம் இறங்கியது. அம்மனும் மாலையும் கிரீடமுமாக ஆஸ்பத்திரியைப் பார்த்துச் சாய்ந்தாள்.

“ஆத்தா ஆஸ்பத்திரிப் பக்கம் சாயறாடா! இங்க நிக்கணும்ங்கறாடா!” என்று சித்தப்பா தொண்டை கிழியக் கத்தினார்.

“புள்ள கண்ணுக்கு நாகமா வந்துட்டாளே!” என்று ஒரு பெண் ஆடத் தொடங்கினாள். முதலில் கற்பூரம் ஏற்றியவர் நாட்டாமைதான்.

நோயாளிகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அப்பா அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாதியாக இளைத்து வந்தாள். டிரெய்லரிலிருந்தே குனிந்து அவள் நெற்றியில் குங்குமம் வைத்தேன். “சாமியப் பாரும்மா, சாமியப் பாரு” என்று கத்திக்கொண்டே இருந்தேன். அவள் அம்மன் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு தூரம் வந்த சாமியைப் பார்க்காமல் நிற்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பீடி அணைவதற்குள் ஸ்டெப்னி மாற்றுகிற சித்தப்பா அன்று ஜாக்கியைத் தேடினார், தேடினார், அம்மா கால் வலித்து உள்ளே போகிறவரைக்கும் தேடினார்.

அதே டயர் அந்த வாரமே மறுபடி டிரெய்லரில் ஏறியது. பஞ்சர் கடைக்குப் போகவில்லை. வீட்டிலேயே காற்று மட்டும் அடித்தார். நாகம் கொத்திய டயர் தானாகவே ஆறிவிட்டது என்று நம்பிப் பள்ளிக்கூடம் பூராவும் சொல்லித் திரிந்தேன்.

இன்றைக்கு நான் நோணாங்குப்பத்தில் படகு ஏற்றும் டிரெய்லர்களை வைத்துப் பிழைக்கிறேன். வால்வுக்குள் இருக்கிற ஊசியைக் கழற்றினால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த ஆபரேஷனுக்கு டாக்டர்கள் உறுதி எதுவும் கொடுக்கவில்லை என்பதும், பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது என்பதும் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. சித்தப்பா அன்று அந்த வாசலில் நிறுத்திக் காட்டியது அம்மனை இல்லை. என்னை.

அம்மா பிழைத்தாள். இன்றைக்கும் அம்மன் புகழ்தான் பாடுகிறாள். சித்தப்பாவுக்கு ஒரு வாய்க் காப்பியோடு சரி. அம்மன் வருடா வருடம் அந்த வாசலில் நின்றுதான் போகிறாள். நோயாளிகள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டில் வைத்துச் சித்தப்பாவிடம் கேட்டால், “சாமி விஷயத்துல வாய வெக்காதடி” என்று எழுந்து போய்விடுகிறார்.

இனி வீட்டில் கேட்கப் போவதில்லை. வருகிற மாசி மகத்தன்று, அதே கேட்டுக்கு முன்னால், ஊர் கேட்க மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள் சித்தப்பா: அன்றைக்கு அம்மன் நின்றாளா, நீங்கள் நிறுத்தினீர்களா?