அத்தா ஊரில் இருந்த வருஷம்

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அத்தா துபாயிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்ந்தார். எப்போதும் அவர் வருகிறார் என்றால் அம்மா முன்கூட்டியே வீட்டுக்கு வெள்ளையடிப்பாள். வேன் பேசி, சொந்தக்காரர்கள் எல்லாரும் ஏர்போர்ட்டுக்குப் போவோம். அந்த முறை பஸ்ஸில் வந்து, பாலக்கரையில் இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்தார். கம்பெனியில் நீண்ட லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று என்னிடம் சொன்னார். அத்தாவின் வேலை பிடித்துப்போய் லீவு கொடுத்ததாக நான் ஸ்கூலில் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

டிவி செய்தியில் அப்போது ஆட்குறைப்பு என்ற சொல் அடிக்கடி வந்தது. ஆட்களை இளைக்க வைப்பது என்று நான் புரிந்துகொண்டேன். அத்தாவுக்கும் சட்டை தொளதொளவென்று இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது என் முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். ஏன் என்று கேட்டார்.

“ஒங்களக் குறைச்சிட்டாங்கல்ல, அதான்” என்றேன்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தா முட்டையைத் தின்றார்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். மீட்டர் பெட்டியில் செருகும் பீங்கான் பியூஸ் கட்டைகள் அங்கே தயாராகின. வீடு கட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டதும் அவருக்கு ஆர்டர் நின்றது. சரக்கு குடோனில் நிரம்பி, அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் வந்துவிட்டது. சூளை எப்போதாவதுதான் எரிந்தது. சிறுதொழிலுக்கு அரசாங்கம் சலுகை அறிவித்திருக்கிறது என்று கேள்விப்பட்டு மாமா பேங்குக்குப் போனார். திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தார்.

“வரியக் குறைச்சிருக்காங்க, கடனும் தரேன்றாங்க. சரக்க வாங்கத்தான் ஆளு இல்ல மச்சான்” என்றார். வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேரை நிறுத்திவிடப் போவதாகவும் சொன்னார்.

வந்ததிலிருந்து அதிகம் பேசாத அத்தா அன்றைக்குத்தான் பேசினார்.

“வேணாம் மச்சான். அங்க எங்கள ஒரு ரூம்ல கூட்டி வச்சி, யாரு பேரப் படிக்கிறோமோ அவங்க மட்டும் அந்தாண்ட நில்லுங்கன்னாங்க. நான் போயி நின்னேன். இங்க யாரையும் அப்பிடி நிக்க வைக்காதீங்க. இருக்கற வேலைய எல்லாருக்கும் பாதி பாதியா குடுங்க.”

மாமா டீயை ஆறவிட்டு யோசித்தார். மறுநாள் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார். கம்மாபுரத்திலிருந்து வரும் அக்கா ஒருத்தி, வீட்டில் சும்மா இருப்பதற்கு அரை வேலை எவ்வளவோ மேல் என்றாளாம். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

அத்தா பட்டறைச் சரக்கைப் பையில் அடைத்துக்கொண்டு கடை கடையாகப் போனார். பள்ளி விடுமுறையில் என்னையும் சேத்தியாத்தோப்புக்கும் திட்டக்குடிக்கும் கூட்டிப்போனார். கடைக்காரர்கள் ஆர்டர் தரவில்லை. எனக்கு பிஸ்கட் தந்தார்கள். ஜன்னலோர சீட்டும் பிஸ்கட்டும் கிடைத்ததால் அவையெல்லாம் எனக்கு நல்ல பயணங்கள். தினமும் காலையில் அவர்தான் எனக்குச் சடை பின்னினார். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருக்கும். அப்படியே ஸ்கூலுக்குப் போவேன்.

அடுத்த வருஷம் அரசாங்கம் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கத் தொடங்கியது. அந்த வேலையை எடுத்த காண்டிராக்டர் ஒருவர் மாமாவிடம் வந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த சரக்குகூட லாரியில் ஏறியது. சூளை மறுபடியும் ஓயாமல் எரிந்தது. பெண்களுக்கு முழு வேலை கிடைத்தது. நிலைமை சீராகிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். மாமா எங்கள் வீட்டுக்கு அல்வா வாங்கிவந்தார்.

அந்தச் சமயத்தில்தான் துபாயிலிருந்து அத்தாவுக்குப் போன் வந்தது. பழைய கம்பெனியே விசா அனுப்புகிறதாம். அவர் கிளம்பிப் போன அன்று எனக்குச் சடை பின்ன அம்மா சீப்பை எடுத்தாள். மாமாவுக்குத்தான் நிறைய வேலை இருக்கிறதே, அத்தா ஏன் போக வேண்டும் என்று கேட்டேன்.

“எல்லாம் சரியாப் போயிடுச்சில்ல, அதான் போயிட்டாங்க” என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். எல்லாம் சரியாகிவிட்டதற்கு அம்மா ஏன் அழுகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.