குடைக் கைப்பிடிக்கு எண் கிடைத்த கதை

துறைமுகத்துக்கு வரும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துத் தரும் சிறிய அலுவலகம் அது. அங்கே தட்டச்சு வேலை பார்த்த அவளுக்கு 'நம்பரக்கா' என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி அட்டவணையில் ஓர் எண் உண்டு. கிளிக்கூண்டோ, பல் மருத்துவர் நாற்காலியோ, எதைக் கேட்டாலும் புத்தகத்தைத் தொடாமலே எண்ணைச் சொல்லிவிடுவாள். பதினோரு வருடம் அந்த எண்களைத் தட்டச்சு செய்தவளின் மனதில் ஒருநாள் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. இதையெல்லாம் முடிவு பண்ணியது யார்?

அந்தச் சந்தேகம் அவளை மாலைக் கல்லூரிக்கு இழுத்துப்போனது. நாற்பத்து மூன்று வயதில், சர்வதேச அரசியல் பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"தெருச் சங்கத் தேர்தல்ல யாரு நிக்கிறான்னே தெரியாது, உலக அரசியல அலசப் போறா" என்று பஸ் ஓட்டுநரான கணவன் கிண்டல் செய்தான். விண்ணப்பம் வாங்க விடிகாலை வரிசையில் நின்றதும் அவன்தான்.

முதல் வருடம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. அவளைவிட ஆறு வயது இளையவரான பேராசிரியர்தான் வழி சொன்னார்.

"பெரிய வார்த்தையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு எண்ணை எடுத்துக்குங்க. அது எங்கேருந்து வந்துச்சுன்னு தேடுங்க."

அவள் குடைக் கைப்பிடியை எடுத்துக்கொண்டாள். முழுக் குடைக்கு வரி அதிகம். கைப்பிடிக்கு மட்டும் பேருக்குத்தான் வரி. அதனால்தான் கைப்பிடியை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, குடையை இங்கேயே செய்து முடிக்கும் பட்டறைகள் அந்தத் துறைமுக ஊரில் முளைத்தன. அவளுடைய மாமியார் இருபத்தாறு வருடம் அங்கே கைப்பிடி மாட்டியவர்.

ஆவணக் காப்பகத்தில் மூன்றாவது வாரம், எந்தப் பொருளுக்கு எந்த எண் என்று பல நாடுகள் கூடி, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசிய ஒரு பழைய கூட்டத்தின் குறிப்பு கையில் கிடைத்தது. கைப்பிடியும் குடைதான், அதற்கும் அதே வரிதான் என்று பெரிய நாடு ஒன்று அடித்துப் பேசியிருந்தது. ஒரு சின்ன நாட்டு அதிகாரி எழுந்து, "கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு மழையில் நின்று காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்" என்றிருக்கிறார். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு'. ஓரத்தில் பென்சிலால் யாரோ ஓர் எண்ணைக் கிறுக்கியிருந்தார்கள்.

அவள் ஆயிரம் தடவை தட்டிய அதே எண்.

வானத்திலிருந்து விழுந்ததாக நினைத்திருந்த ஒன்று, பசியோடு உட்கார்ந்திருந்த சிலரின் சிரிப்பிலிருந்து வந்திருக்கிறது! மூச்சுவிட்டாலே அந்தத் தாள் கலைந்துவிடும் என்பதுபோல் வெகுநேரம் அசையாமல் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் அந்தச் சின்ன நாட்டு அதிகாரியைப் பற்றிச் சொன்னாள்.

"அத்தை, உங்க பட்டறை வந்ததே அந்த ஒரு ஆளாலதான்."

"முன்னப்பின்ன தெரியாதவருக்கு நம்ம மேல என்னடி அக்கறை?"

"ஒரு அக்கறையும் இல்ல. அவங்க நாட்டுல கைப்பிடி செய்ற ஆலை ஒண்ணு மூடற நிலைமையில இருந்துச்சு. அதக் காப்பாத்தப் பேசினாரு, அந்தக் குறிப்புலயே இருக்கு."

மாமியார் கையிலிருந்த பூண்டை வைத்துவிட்டார்.

"அப்போ நான் மாட்டினதையெல்லாம் அங்க யாரோ ஒருத்தி இழைச்சுக் குடுத்திருக்கா. இத்தன வருஷமா ரெண்டு பேரும் ஒரே சாமானத்தத் தொட்டிருக்கோம், பாரேன்!"

அதுவரை அவளுடைய ஆய்வில் நாடுகள் இருந்தன, அதிகாரிகள் இருந்தார்கள். அந்த ஒருத்தி இல்லை. மறுநாளே அந்த நாட்டின் ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதினாள். நான்கு மாதம் கழித்து ஆலையின் புகைப்படம் ஒன்று வந்தது. வரிசையாகப் பெண்கள், முழங்கைவரை மரத்தூள். மாமியார் அதைக் கையில் வாங்கவே தயங்கினார். ஈரக் கையைப் புடவையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண்களைப் பற்றிய அத்தியாயத்தை எழுதவே இன்னொரு வருடம் பிடித்தது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இவ்வளவு பெரிய உலகத்துல ஒரு கைப்பிடியப் போய் ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டார். பேச ஆரம்பித்தவள் நாற்பது நிமிடம் நிறுத்தவே இல்லை. தேர்வாளர் குறிப்பு எடுப்பதை விட்டுவிட்டு, கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டம் கிடைத்தது.