விருது வாங்கிய குரலோடு சென்னைக்குப் போய்வந்தது

போன மாதம் ஒரு சனிக்கிழமை, செஞ்சியில் இருந்து சென்னைக்கு, அகில இந்திய சினிமா விருது விழாவுக்குப் போய்வந்தேன். சிறந்த நடிகைக்கு ஐந்து பேரைத் தேர்ந்து வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி, நம் கோட்டையில் எடுத்த படத்தின் கதாநாயகி. அவளுக்குத் தமிழ் வராது. படம் முழுக்க அவளுக்காகப் பேசியது என் பேத்தி. நம் ஊர்ப் பேச்சுதான் வேண்டும் என்று படக்காரர்கள் தேடி வந்து, பதினொரு நாள் சென்னையில் வைத்துப் பேச வைத்தார்கள். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் என் பேத்தி பெயர் இல்லை. "மேடையில சொல்றோம்" என்று இரண்டு பாஸ் கொடுத்தார்கள். அதைக் கேட்கத்தான் பேத்தியோடு போனேன்.

காலை ஏழு மணி பஸ். சென்னைக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் சுமார் 125 கிலோமீட்டர், மூன்றே கால் மணி நேரம். திண்டிவனத்தில் பத்து நிமிடம் நிற்கும். இறங்கி வேலையை முடித்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் டிரைவர் யாருக்கும் நிறுத்துவதில்லை. அங்கிருந்து விழா மண்டபத்துக்கு ஆட்டோ 650 ரூபாய். எண்ணூறு கேட்டான், நான் விடவில்லை.

"இன்னா ஆயா, சினிமா விழாவா? விருது உனக்கா?" என்றான் ஆட்டோக்காரன்.

"எனக்கு இல்லப்பா, என் பேத்தி கொரலுக்கு."

பேத்தி என் கையைக் கிள்ளினாள். "சும்மா இரு ஆயா. வேற ஆளு பேசுனதுன்னு தெரிஞ்சா அந்தக்கா பேரை லிஸ்ட்லருந்தே எடுத்துடுவாங்களாம். அவங்க மேனேஜர் சொன்னாரு."

"அப்ப மேடையில எப்பிடிடீ சொல்லுவாங்க?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மண்டபத்தில் கடைசி வரிசை. ஏசி எலும்பைக் குடைகிறது, சால்வை இல்லாமல் போகாதீர்கள். ஐந்து பேரும் நடித்ததில் ஒவ்வொரு துண்டு போட்டார்கள். கடைசியில் நம் கோட்டை ராஜகிரி மலைப் படிக்கட்டு வந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண், "ஆயா... வந்துட்டேன் ஆயா" என்றது. வேலை விட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே தினமும் என்னைக் கூப்பிடும் குரல்.

"வந்துட்டியா, சாப்டியா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

நாலு வரிசை சிரித்தது. பேத்தி சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடி அவள் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது.

விருது நம் படத்துக் கதாநாயகிக்குத்தான். அந்தப் பெண் இங்கிலீஷில் நன்றி சொன்னாள். பேத்தி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். டைரக்டருக்கு, அம்மாவுக்கு, முடி அலங்காரம் பண்ணியவளுக்கு, வீட்டு நாய்க்கு.

"அப்பறம்?"

"அவ்ளோதான் ஆயா."

வெளியே மேனேஜர் வந்து, "அடுத்த படத்துக்கும் நீதாம்மா" என்றார்.

"பேரு போடுவீங்களா?" என்றேன்.

"பேரைப் போட்டா அவங்க நடிப்பு இன்னா ஆவறது பாட்டி?"

"பரவால்ல சார், வரேன்" என்று பேத்தி சொல்லிவிட்டாள். அவளை நான் திட்டவில்லை. மற்றவர்களை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பிள்ளைகள் குரல் கொடுக்கப் போனால், முதல் நாளே பெயர் போடுவதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பஸ் ஏறாதீர்கள். இதை எழுதி வெளியே போட்டால் அடுத்த படம் போய்விடும் என்று பேத்தி அழுதாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், என்னால் முடியவில்லை.

அவள் பெயர் மலர்விழி.