பேச்சை நிறுத்திய குதிரைக்காரர்

பள்ளி முடித்து ரங்கூனில் ஒரு துரையின் லாயத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அந்தக் குதிரைக்காரரைப் பார்த்தேன். நெட்டையான மனிதர், கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பார். மழைக்காலம் முழுவதும் அடைபட்டுக் கிடந்த சிவப்புக் குதிரையிடம், சோற்றில் உப்பு இல்லை என்பதுவரை சொல்லிக்கொண்டிருப்பார்.

மழை விட்டதும் போட்டிக்குப் பயிற்சி தொடங்கியது. ஓட்டப் பந்தயமல்ல, துரை கடிவாளத்தைப் பிடிக்கிறபடி நடந்து, திரும்பி, நின்று காட்டும் போட்டி. அன்றிலிருந்து அவர் குதிரையோடு பேசவே இல்லை. வாய் திறக்காமல் தேய்த்தார், தீனி வைத்தார்.

“என்னண்ணே, குதிரையோட சண்டையா?” என்றேன்.

“அட போ தம்பி. போன வருஷம் போட்டியப்ப வேலிக்கு வெளியே நான் யாரோடவோ பேசிக்கிட்டிருந்தேன். இது நடு மைதானத்துல என் குரல் வந்த பக்கம் திரும்பி நின்னுடுச்சு. மறுபடி அப்படி ஆனா வித்துடுவேன்னு பயிற்சி தொடங்கின அன்னிக்குத் துரை சொல்லிட்டாரு. என் குரலை மறந்தாத்தான் இது இங்க இருக்கும்.”

போட்டியில் குதிரை பிசகாமல் நடந்து கோப்பை வாங்கியது. துரை இறங்கிப் போனபின் இவர் மெல்ல, “வாடா ராஜா” என்றார். அது காதைக்கூட அசைக்காமல் புல்லை மேய்ந்தது.

“பிழைச்சுக்கிட்டான் பய” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.