சிவப்பு மையால் வெட்டிய கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன்பு மலையகத்து ஹாலிஎலையில் நடந்தது இது. எனக்கு வேலை பதுளையில், ஒரு தனியார் அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமையானால் ஹாலிஎலைக்கு பஸ் ஏறிவிடுவேன். அங்கே ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை மண்டபத்தில், இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை, பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து இங்கிலீஷ் பேசிப் பழகுவோம். கடைகளில் வேலை செய்பவர்கள், இரண்டு ஆசிரியைகள், ஓர் ஓட்டோக்காரர், தாதிப் படிப்புப் படிக்கிற ஒரு தங்கை என்று கலவையான கூட்டம். வாத்தியார் என்று யாரும் கிடையாது. மற்றவர்களை விடக் கொஞ்சம் நன்றாகப் பேசுவேன் என்பதால் அந்த இடத்தில் நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

சட்டம் போட்டதும் நான்தான். வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வந்துவிட்டால் எழுந்து நிற்க வேண்டும். அடுத்து யாராவது தவறினால்தான் உட்காரலாம். போதாததற்கு, யார் என்ன பிழை விட்டார்கள் என்று எழுதிவைக்க ஒரு கொப்பி, அதை வெட்ட ஒரு சிவப்புப் பேனா. அப்போது எனக்கிருந்த தோரணையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒரு ஞாயிறு, நாற்பது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர் வந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். விரல் நுனியெல்லாம் கறை. எங்கே உட்காருவது என்று தமிழில் கேட்டுவிட்டார். நான் சட்டத்தைச் சொல்லி நிற்க வைத்தேன். அன்றைக்கென்று பார்த்து யாருமே தவறவில்லை. கடைசி வரை நின்றார். கலையும்போது ஒப்புக்கு மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல சார். நாங்க மலையில நின்னே பழகுனவங்க" என்றார்.

என் அம்மாவும் லுணுகலைப் பக்கம் கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதை அந்த மண்டபத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

அதன்பின் அக்கா ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தார். ஆனால் நாங்கள் பேசுவது ஒன்று, அவர் பேசுவது வேறொன்று. 'எனக்குப் பிடித்த பண்டிகை' என்று தலைப்புக் கொடுத்தால், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "டுடே ஃபீவர்?" என்று கேட்பார். அடுத்தவரிடம் "ஹேண்ட் மூவ்?" என்பார். எல்லாவற்றுக்கும் முன்னால், யாரைப் பார்த்தாலும் "யூ ஈட்?" வேறு. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வெள்ளைக்காரர்கள் அப்படி விசாரிப்பதில்லை, நலமா என்றுதான் கேட்பார்கள் என்று நான் பொறுமையாக விளக்கினேன். கொப்பியில் அந்தக் கேள்வியை எழுதி, சிவப்பு மையால் வெட்டியும் காட்டினேன். தலையாட்டினார். அடுத்த வாரம் வந்ததும் வராததுமாக என்னிடமே "சார், யூ ஈட்?" என்றார்.

ஐந்தாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. இவருக்கு இது சரிப்படாது, அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று பக்கத்திலிருந்த ஆசிரியையிடம் சொன்னேன். அக்காவுக்கு விளங்கக் கூடாது என்பதற்காக வேக வேகமாக இங்கிலீஷில் சொன்னேன்.

சொற்கள் விளங்கினவோ இல்லையோ, அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எழுந்து என் முகத்தைப் பார்த்தார்.

"சார், ப்ளீஸ். ஒன் வீக். ஒன்லி ஒன் வீக்."

கொப்பியில் எழுத ஒரு பிழையும் கிடைக்கவில்லை. எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. சரி என்று தலையாட்டினேன். ஏன் ஒரு வாரம் என்று கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்.

அடுத்த ஞாயிறு நல்ல மழை. மூன்று மணியளவில் அக்காவின் போன் அடித்தது. போனை அணைத்து வைக்க வேண்டும் என்பதும் என் சட்டம்தான். நான் வாய் திறப்பதற்குள் அவரே எழுந்து நின்று தமிழில் சொன்னார்.

"ஆஸ்பத்திரியிலருந்து சார். எங்க ஊட்டுக்காரரு வெளிநாட்டுல, வேல செஞ்ச எடத்துல மேலருந்து விழுந்துட்டாரு. ரெண்டு மாசமா பேச்சில்ல. இன்னைக்குத்தான் அவரு காதுல போன வக்கிறேன்னு நர்சம்மா சொல்லியிருக்கு."

அவரை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்த ஏஜென்சிக்காரர் நல்லாயிருக்கார், நல்லாயிருக்கார் என்று ஒரே பாட்டாகப் பாடியதில் நம்பிக்கை போய், தன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அக்கா இங்கே வந்தார் என்பதைப் பிறகு சொல்லித்தான் அறிந்தோம்.

தகரத்தில் மழைச் சத்தம். பேச்சு எதுவும் கேட்காததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார். போட்டதும் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"சிஸ்டர், யூ ஈட்?"

அந்தப் பக்கம் ஒரு பெண் சிரித்தார். ஏதோ ஒரு தூர நாட்டிலிருந்து அங்கே வேலைக்கு வந்தவர். அவருடைய இங்கிலீஷும் அக்காவுடையதைப் போலத் துண்டு துண்டாகத்தான் இருந்தது. இன்னும் சாப்பிடவில்லை, உன்னோடு பேசிவிட்டுச் சாப்பிடுவேன் என்றார். இங்கே எல்லோரும் நோயாளியைத்தான் விசாரிக்கிறார்கள், நான் சாப்பிட்டேனா என்று கேட்பது ஊரில் என் அம்மாவும் இங்கே நீயும்தான் என்றார். அதற்காகத்தான் தன் சொந்த போனில், தன் சாப்பாட்டு நேரத்தில், அந்தப் பெண் வாரா வாரம் அழைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன, நாங்கள் சிரித்த கேள்விகள். டுடே ஃபீவர்? காய்ச்சல் இல்லை. ஹேண்ட் மூவ்? இடது கை கொஞ்சம் அசைகிறது. அதன்பின் தாதி சொன்ன ஒன்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"கஞ்சி குடுத்தா முழுங்குறாராம்க்கா" என்றேன். என் வாயிலிருந்து தமிழ் எப்போது வந்தது, நான் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, அளந்து அளந்து சொன்னார். "சிஸ்டர், போன் புட் ஹிஸ் இயர். யூ சீ ஹிஸ் ஐ." ஆறு வாரமாக எங்கள் நடுவில் உட்கார்ந்து அவர் சேர்த்துக்கொண்டு வந்தது அந்த இரண்டு வாக்கியங்களுக்காகத்தான்.

பிறகு, இந்த மலையிலிருந்து அந்த மலைக்குக் கூப்பிடுகிற குரலில் பேசினார்.

"இந்தாங்க, நான்தான். நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் பேசுறது கேட்டுச்சுன்னா கண்ண ஒருக்கா மூடித் தொறங்க."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஓட்டோக்காரர் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார்.

திடீரென்று அந்தப் பக்கம் தாதியின் குரல் உயர்ந்தது. கண்ணை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார், கண்ணீர் வருகிறது என்று அவர் அழுதுகொண்டே சொல்வது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இருபது சொற்கள் கூடத் தெரியாத ஒரு பெண், கடலுக்கு அப்பால் கிடந்த மனிதரைத் தட்டி எழுப்பியதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

அக்கா போனை வைத்தபோதுதான் கவனித்தேன், மண்டபத்தில் ஒருவர் கூட உட்கார்ந்திருக்கவில்லை. யாரும் தமிழில் பேசியதற்காக எழுந்திருக்கவில்லை. நிற்க வைக்கும் சட்டம் அன்றோடு போயிற்று.

அக்காவின் கணவர் தேறி ஊருக்கு வரப் பல மாதங்கள் ஆயின. ஒரு ஞாயிறு அக்கா அவரை மண்டபத்துக்கு அழைத்து வந்தார். கையில் ஊன்றுகோல், பேச்சு இன்னும் இழுத்து இழுத்துத்தான். "இவருதாங்க என்னைய நிக்க வச்ச சாரு" என்று அக்கா சிரித்துக்கொண்டே என்னை அறிமுகப்படுத்தினார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெகு நேரம் முயன்று, "சாப்டீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் படித்து வைத்திருந்த அத்தனை இங்கிலீஷிலும் யாரையும் கேட்கத் தோன்றாத அந்த ஒரு கேள்வியை, பிழை என்று என் கையாலேயே வெட்டிய சிவப்புக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமும் பிரமிப்பும் எனக்கு இன்றும் ஒன்றாகவே வருகின்றன.