குடிவைக்கிற பீவி ஜான்

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், முதலில் குளியலறைக்குத்தான் போவார் வீட்டுத் தரகர் பீவி ஜான். ஹால் எவ்வளவு பெரிசு, கதவு தேக்கா வேம்பா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு கப் தண்ணீரை மோந்து தரையில் ஊற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்து நிற்பார். தண்ணீர் தானாக ஓட்டையைத் தேடிப் போனால், கட்டின கொத்தனார் யோக்கியன். மூலையில் தேங்கி நின்றால், "இதுல குடிவைக்க நான் அயிரை மீனைத்தான் கூட்டிட்டு வரணும்" என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார். அடுத்து மேற்குச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். மூன்று மணிக்கு அது என்ன சூடோ, அதுதான் குடியிருப்பவனுக்கு ராத்திரித் தூக்கம்.

சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடக்கிற சந்துகளில் சொந்த வீட்டுக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் போடுகிற பெண்கள், ஆப்செட் மிஷின் ஓட்டுகிற பையன்கள், லாரி ஆபீஸ் கிளார்க்குகள், போன வைகாசியில் கல்யாணமானவர்கள் என்று எல்லாம் வாடகைக் குடி, எல்லாம் இளவட்டம். மாடிக்கு மேல் மாடி, அதற்கு மேல் தகரம். படியெல்லாம் செருப்பு, கொடியெல்லாம் ஜீன்ஸ். இவர்களில் பாதிப் பேரைக் குடிவைத்தவர் பீவி ஜான்தான். வயது அறுபத்து மூன்று. குடைக்கு ஒரு கை, போனுக்கு ஒரு கை, முக்காட்டை இழுத்துவிட ஒரு கை என்று மூன்று கை தேவைப்படுகிற வேலை. இருக்கிற இரண்டை வைத்தே முப்பது வருஷத்துக்கு மேலாக ஓட்டிவிட்டார்.

"போன்ல தேடுனா வீடு ஆயிரம் காட்டும். தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வரும்னு காட்டுமா? நான் மூணாங் கிளாஸுதான். நான் குடிவச்ச வீட்டுல ஒரு சண்ட சச்சரவு உண்டா, கேட்டுப் பாருங்க!"

தன் காலில் நின்று முன்னுக்கு வந்த மனுஷி தன் பெருமையைத் தானே சொன்னால் என்ன குறைந்துவிட்டது? படித்தவர்கள் பட்டத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

நல்ல நாள், ராகுகாலம் எல்லாம் விரல்நுனியில் இருக்கும். "ஒங்களுக்கு எதுக்கு பீவிம்மா இதெல்லாம்?" என்று யாராவது கேட்டால், "எனக்கு வேணாம். குடிவர்றவகளுக்கு வேணும்ல? ஊருக்கே காலண்டர் அச்சடிக்கிற ஊர்க்காரிக்கு நாளு தெரியாட்டி அசிங்கமில்லையா?" என்பார்.

அந்த நாள்தான் போன ஆனிக் கடைசியில் கழுத்தைப் பிடித்தது. சிவபாண்டி என்ற பையன், நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மனைவி பானுப்பிரியாவுக்கு ஆறு மாசம். குடியிருந்தது மூன்றாவது மாடித் தகரக் கொட்டகையில்; ஏறி இறங்க ஒரு செங்குத்தான இரும்புப் படி. விடிந்தால் ஆடி. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆடி போனால் அவளுக்கு ஏழு பிறந்துவிடும்; வயிற்றுப்பிள்ளைக்காரி வாசல் மாறக்கூடாது என்று அவள் வீட்டுப் பெரியவர்கள் குறுக்கே நிற்பார்கள். அன்றைக்குப் பால் காய்ச்சினால் உண்டு. இல்லையென்றால் பிரசவ வலியோடுதான் அந்தப் படியில் இறங்க வேண்டும்.

ஐந்து வீடு கைவிரித்தது. ஆறாவது, ஓய்வுபெற்ற நாகையாவின் கீழ்வீடு. குளியலறைத் தண்ணீர் சிட்டாய் ஓடியது. காலையில் பேசி முடித்தாயிற்று. ராகுகாலம் கழியட்டும் என்று மூன்று மணிக்கு மேல் சாமான்கள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கின. பின்னாலேயே வேலை விட்ட உடம்போடு சிவபாண்டியும் வந்து நின்றான். பேன்சி வெடிக்கு வெள்ளிப்பொடி புழங்குகிற அறையில் வேலை; புருவம் வரைக்கும் ஈயம் பூசின குண்டான் மாதிரி மினுமினுத்தான்.

நாகையா, சாவியை நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"என்ன பீவிம்மா, வெடிமருந்து வேலைங்கிறத சொல்லவே இல்லையே? கம்பெனின்னதும் நான் பிரஸ்ஸுன்னுல்ல நெனச்சேன்."

"நீங்க கேக்கல, எனக்கும் சொல்லத் தோணல. சிவகாசியில மருந்து வேலைங்கிறது ஒரு குத்தமா அண்ணாச்சி?"

"வெள்ளையடிச்சு எட்டு நாளு ஆகல. இவன் ஒருக்கா சாஞ்சா செவுரு தகரமாப் போகும். வேற எடம் பாருங்க."

பானுப்பிரியா ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். சிவபாண்டி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். ஆட்டோக்காரர், இறக்கின அடுப்பைத் திரும்பத் தூக்குவதா வேண்டாமா என்று பார்த்தார்.

பீவி ஜான் குடையை மடக்கினார். குடை மடங்கினால் ஆள் சண்டைக்குத் தயார் என்று சந்துக்கே தெரியும்.

"அண்ணாச்சி, நீங்க ஆலங்குளம் சிமெண்டு ஆலைக்கு வேலைக்குப் போயிட்டு வந்தீகளே, அப்ப ஒங்களுக்கு இந்த ஊர்ல எவன் வீடு குடுத்தான்? மாவு டின்னுக்குள்ள விழுந்த எலி மாதிரி எங்க வாசல்ல வந்து நின்னீக. எட்டு வீட்டுல வெரட்டி விட்டுட்டான். ஒன்பதாவதா ஒரு வீட்டுல நாந்தான மல்லுக்கட்டிக் குடிவச்சேன்?"

"அது சிமெண்டு. தட்டுனா போயிரும்."

"எங்கன போச்சு?" மாடியிலிருந்து அவர் மனைவி மாடத்தியின் குரல் இறங்கிவந்தது. "தலகாணி ஒறைய நானுல்ல தட்டினேன்! தட்டித் தட்டி எந்தோள்பட்ட எறங்கிப் போச்சு. குடுங்க சாவிய. மாசமா இருக்கிற பிள்ளைய வெயில்ல நிப்பாட்டிக்கிட்டு!"

ஆட்டோக்காரர் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். மாடியையும் முன்னால் நின்ற குடையையும் ஒரு முறை பார்த்த நாகையாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பொம்பளையும் சேந்துட்டா எவன் ஜெயிக்க?" என்றபடி சாவியை பானுப்பிரியாவின் கையில் வைத்தார்.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. மாடத்தி குலவை போட்டார். பானுப்பிரியா டம்ளர்களில் ஊற்ற, பீவி ஜான் வாங்கி வாங்கிக் கொடுத்தார். நாகையாவுக்குக் கொடுத்தாயிற்று, ஆட்டோக்காரருக்கும் கொடுத்தாயிற்று. சிவபாண்டி மட்டும் நடு ஹாலில், நான்கு சுவருக்கும் சம தூரத்தில், கட்டின கையை அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, இங்கன வா."

பீவி ஜான் அவன் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், நாகையா பார்க்கப் பார்க்க, அந்த வெள்ளைச் சுவரோடு முதுகு நன்றாகப் படியும்படி அழுத்தி உட்காரவைத்துவிட்டு, சூடான டம்ளரை அவனுடைய இரண்டு கைக்குள்ளும் வைத்தார்.