எதிர்ப்பக்கத்து வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கே நடந்தது. 'அந்த ஆள் வாயைத் திறந்தாலே புளுகு' என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம்தான். ஆனால் புளுகிப் பழகியவனுக்குத்தான் எது புளுகில்லை என்று நன்றாகத் தெரியும்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பள்ளியில் வருஷா வருஷம் டைம்டேபிள் போடுவது நான்தான். அதனால் எனக்கு 'அட்டவணை' என்றே பெயர். நாற்பது வகுப்புகளை ஒன்றோடொன்று இடிக்காமல் ஓட விடுகிறவன், ஒரு ரயிலையும் ஒரு விமானத்தையும் இணைக்க மாட்டேனா? அந்தத் திமிரில்தான் என் மனைவியின் பயணத்துக்கு நானே திட்டம் போட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். வயிற்றில் குழந்தையின் தலை திரும்பவில்லை, அறுவை சிகிச்சைதான் என்று சொல்லி, நாளும் குறித்துவிட்டார்கள். "அம்மா பக்கத்துல இருந்தாதான் நான் தியேட்டருக்குள்ள போவேன்" என்று அவள் ஒரே பிடிவாதம். சாயங்காலம் ஐந்தரைக்கு விமானம். அதை விட்டால் அடுத்தது மூன்று நாள் கழித்து. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

விமான நிலையம் இருக்கும் நகரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு ராத்திரி ரயில் பயணம். பதினான்காம் தேதி ராத்திரி கிளம்பினால் பதினைந்து காலையில் நகரம், சாயங்காலம் விமானம். கொண்டுபோய் ஏற்றிவிட்டு நான் திரும்பிவிடுவேன். கணக்கு கச்சிதம். டிக்கெட்டையும் நானே போட்டேன். பதினான்காம் தேதி, 00:20.

பதினான்காம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பெட்டி படுக்கையோடு ஸ்டேஷனில் நின்றோம். விசாரணை ஜன்னலில் இருந்தவர் டிக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார்.

"சார், இந்த வண்டி நேத்தே போயிடுச்சே!"

உங்களுக்குப் புரிந்திருக்கும். பன்னிரண்டு அடித்ததுமே தேதி மாறிவிடும். பதினான்காம் தேதி 00:20 என்றால், பதிமூன்றாம் தேதி ராத்திரியே வந்து நின்றிருக்க வேண்டும்! இன்றைக்காவது அதே வண்டியில் இடம் கிடைக்குமா என்று கெஞ்சினேன். கால் வைக்க இடமில்லை. "ஒண்ணு அஞ்சுக்கு ஒரு பாசஞ்சர் இருக்கு. எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு குசலம் விசாரிச்சுட்டுத்தான் போகும். மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள சேர்ந்துடும். ஆனா மழைக்காலம்... நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

என் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்ஃபாரத்துக்கு நடந்தாள். இரண்டு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முப்பது வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டே, கண் மட்டும் அவன் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருக்கும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மனுஷன் மூச்சை மாற்றிவிடுவானாம். நான் தூங்குவதுபோல நடித்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

வண்டி வந்தது. பெட்டியில் ஆளே இல்லை. மஞ்சளாக ஒரு விளக்கு. வெளியே சாரல், உள்ளே நல்ல குளிர். கண்ணாடி ஜன்னல்களை இறக்கிவிட்டு நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"கோவமா?"

"தூங்குங்க."

"டைம்டேபிள்காரன் பொண்டாட்டி ரயிலைக் கோட்டை விட்டான்னு ஊரே சிரிக்கும்."

அவள் சிரிக்கவில்லை.

இரண்டு மணி இருக்கும். கண் அசந்துவிட்டேன் போல. விழித்தபோது எதிர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எந்த ஸ்டேஷனில் ஏறினார் என்று தெரியவில்லை. அறுபது வயதிருக்கும். கோட்டு போட்டிருந்தார். மடியில் கயிறு கட்டிய ஒரு பழுப்புப் பெட்டி.

"ஃப்ளைட்டா?" என்றார்.

"ஆமாங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு. உங்களுக்கு?"

"எனக்கும் ஃப்ளைட்தான். பொண்ணுக்குப் பிரசவம்."

அட, நம்ம கட்சி! எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. தேதி மாறிய கதையை நானே என்னைக் கிண்டல் செய்துகொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட. கல்யாணமான புதிதில் பிடித்தது!

"இது போய்ச் சேராது" என்றார் அவர்.

"மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள சேர்ந்துடும்னு சொன்னாங்களே?"

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

மகள் முகம் கண்முன் வந்தது. என்னால் வந்த வினை. நான்தான் சரிசெய்ய வேண்டும்.

"வேற வழி இருக்கா?"

"இருக்கு. அடுத்து நிக்கிற இடத்துல எதிர்ப்பக்கம் ஒரு வண்டி நிக்கும். நேரா ஏர்போர்ட்டுக்கே போகும். இறங்கி ஏறணும், அவ்வளவுதான்."

அப்படி ஒரு வண்டியை எந்த அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை. என் அட்டவணை ஞானத்தின் லட்சணம்தான் அன்றைக்கே தெரிந்துவிட்டதே! நம்பினேன்.

"கேட்டியா? அடுத்ததுல இறங்கிடலாமா?" என்றேன் மனைவியிடம்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல... கோட்டின் பொத்தான்களை.

"உனக்குத் தெரிஞ்சவரா?"

"பேசாம இருங்க."

வண்டி ஒரு வளைவில் குலுங்கியது. நான் சாய்ந்தேன். அவள் சாய்ந்தாள். மேலே தொங்கிய பை ஆடியது. அவர் மட்டும் ஆடவில்லை. சுவரில் அடித்த ஆணி மாதிரி இருந்தார்.

இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் பக்கத்து ஜன்னல் மூச்சுப் பட்டு மங்கிப்போயிருந்தது. அவர் முகத்தை ஒட்டியிருந்த கண்ணாடி துடைத்துவிட்டதுபோலத் தெளிவாக இருந்தது. கொடுத்து வைத்தவர், வெளியே நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். அப்போது நினைத்தது அவ்வளவுதான்.

அவர் பேசப் பேச எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. கை கால் ஜில்லென்று ஆனது. பயமில்லை. கவலைகூட இல்லை. உடம்பு பஞ்சு மாதிரி லேசாக...

3.10.

கிரீ...ச் என்று வண்டி நின்றது.

வெளியே ஒரு விளக்குகூட இல்லை. அறிவிப்பு இல்லை. ஆள் நடமாட்டம் இல்லை. கீழே எங்கிருந்தோ 'ஹோ...' என்று ஒரே இரைச்சல். மழை பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர் எழுந்தார். எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"வண்டி நிக்குது. வாங்க."

எட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். எதிரே ஒரு வண்டி நின்றது. வரிசையாக வெளிச்சமான ஜன்னல்கள். உள்ளே ஆட்கள். எல்லோருமே எங்களைப் பார்த்தபடி.

நான் எழுந்தேன்.

மணிக்கட்டு வரவில்லை. அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஊசிக்குப் பயந்து துள்ளுகிறவனை அமுக்கும் பிடி.

"விடு. ஏதோ வண்டி நிக்குது, பார்த்துட்டு வந்துடறேன்."

"உட்காருங்க."

"உனக்காகத்தான்டி!"

"உட்காருங்க!"

வாசலில் நின்றபடி அவர் திரும்பினார்.

"நேரமாச்சு" என்றார்.

பெட்டியோடு இறங்கினார்.

காலடிச் சத்தம் கேட்கவில்லை.

ஒரு சத்தமும்... கேட்கவில்லை.

கூ...

வண்டி நகர்ந்தது. எதிர்ப்பக்கத்து ஜன்னல்கள் பின்னால் போயின. ஒன்று... இரண்டு... மூன்று... அப்புறம் வெறும் இருட்டு.

கதவு தானாக அடித்துக்கொண்டது. டம்.

அவள் என் கையை விடவே இல்லை. விடியும்வரை.

காலையில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். "ராத்திரி மூணு பத்துக்கு நின்னோமே, அது எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டேன்.

"சிக்னலுக்கு நின்னிருக்கும்."

"ஒருத்தர் இறங்கினாரே? கயிறு கட்டின பெட்டியோட..."

பரிசோதகர் என் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள்.

"டிக்கெட்டைக் காட்டுங்க" என்றார்.

வண்டி பகல் ஒன்றே முக்காலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. போகிற வழியெல்லாம் நச்சரித்தேன். "நீ அந்த ஆளைப் பார்த்தியா இல்லையா?" என்றால் "பாஸ்போர்ட்டை எடுத்து வச்சீங்களா?" என்றாள். "ஏன் என்னை விடல?" என்றால் "மாத்திரை போட்டீங்களா?" என்றாள். விமான நிலைய வாசலில் பிரியும்போது என் மணிக்கட்டை இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தாள். நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள். "திரும்பிப் போறப்ப பகல் வண்டியில போங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பகல் வண்டியில் திரும்பினேன். அதே பாதை. ஒரு இடத்தில் வண்டி மெதுவாகி, சிக்னலுக்கு நின்றது. 'ஹோ...' என்று அதே இரைச்சல். கதவருகே போய்ப் பார்த்தேன்.

ஆறு. கரை புரண்டு ஓடும் ஆறு. நான் நின்றது பாலத்தின் மேல்.

ஒற்றைத் தண்டவாளப் பாலம். எதிர்ப்பக்கத்தில் பிளாட்ஃபாரம் இல்லை. இன்னொரு தண்டவாளம் இல்லை. கைப்பிடிக் கம்பிகூட இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்தே கிடந்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். திரையில் ரோஜா நிறத்தில் ஒரு சின்ன முஷ்டி தெரிந்தது. நான் அழுதேன். "தாத்தா மூக்கு, பாவம்" என்று மகள் கிண்டல் செய்தாள். பிறகு மனைவி போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள்.

"இப்பவாவது சொல்லு. அவரைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன். பொண்ணு நல்லபடியா பெத்துப் பிழைக்கட்டும்னுதான் வாயைத் திறக்கல. வந்து உட்கார்ந்ததுமே அவர் நெஞ்சைத்தான் பார்த்தேன். பழக்க தோஷம். ரொம்ப நேரம் பார்த்தேங்க. ஏறவும் இல்ல... இறங்கவும் இல்ல."

"அப்பவே என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, 'ஏன் சார் நீங்க மூச்சு விடறதில்லையாமே'ன்னு அவர்கிட்டயே கேட்டிருப்பீங்க."

கேட்டுத்தான் இருப்பேன்.

"சரி, மூச்சு அவருக்குத்தானே இல்ல? என் கையை ஏன் அப்படிப் பிடிச்சுட்டே இருந்த?"

திரையில் அவள் முகம் அசையாமல் நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அவர் பேசப் பேச உங்க நாடி குறைஞ்சுகிட்டே வந்துச்சு" என்றாள். "வண்டி நின்னுச்சே... நீங்க எழுந்து 'விடு'ன்னு சொன்னீங்களே... அப்போ..."

"அப்போ?"

"உங்க கையில நாடியே இல்லைங்க."